நாடே இருண்ட நாளில் வீடு திரும்புவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் சில நொடிகளில் மின்சாரம் போனது. நான் மாட்ரிட்டில் வசிப்பதால், இங்கே படிக்க வரும் மாணவர்கள், அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோர், விடுமுறைக்கு வர நினைக்கும் உறவினர் எனப் பலரும் அந்த நாளைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான்: வெளியே போன பிள்ளை வீடு வந்து சேருவது எப்படி? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவைத்தால் உதவும் என்று தொகுத்திருக்கிறேன்.

அன்று என்னதான் நடந்தது? சாதாரண மின்வெட்டுதானே?

ஸ்பெயினில் பகல் 12.33 மணி, போர்ச்சுகலில் 11.33. ஐந்து வினாடிகளுக்குள் 15 கிகாவாட் மின் உற்பத்தி மறைந்துபோனது. அந்த நேரத்தில் ஸ்பெயினின் தேவையில் ஏறக்குறைய 60 சதவீதம் அது என்று பிரதமர் பெத்ரோ சாஞ்செஸ் அறிவித்தார். இரு நாடுகளிலும் சேர்த்து ஏறத்தாழ ஆறு கோடி மக்கள் வாழ்கிறார்கள். அன்டோராவும் தெற்கு பிரான்சின் சில பகுதிகளும்கூடச் சிறிது நேரம் பாதிக்கப்பட்டன. கேனரி, பலேரிக் தீவுகள் தப்பின.

நம் ஊர் மின்வெட்டு ஒரு தெருவையோ வட்டாரத்தையோ பாதிக்கும். நான்கு கிலோமீட்டர் தள்ளிப் போனால் வெளிச்சம் இருக்கும், போனுக்குச் சார்ஜ் ஏற்றலாம், பஸ் பிடிக்கலாம். அன்று அப்படித் தள்ளிப்போக இடமே இல்லை. பார்சிலோனாவில் இருந்தவருக்கும் லிஸ்பனில் இருந்தவருக்கும் ஒரே நிலைமை.

யாராவது திட்டமிட்டுச் செய்தார்களா? சூரிய மின்சாரம் அதிகமானதால் என்கிறார்களே?

இணையத் தாக்குதல் என்ற பேச்சு அன்றே பரவியது. விசாரணையில் அதற்கான ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஸ்பெயின் அரசு 2025 ஜூன் 17 அன்று வெளியிட்ட அறிக்கையின்படி மின்னழுத்தம் கட்டுக்கடங்காமல் உயர்ந்ததுதான் காரணம். முதலில் கிரனாடா, படஹோஸ், செவில் பகுதிகளில் உற்பத்தி நிலையங்கள் துண்டித்துக்கொண்டன. அவை விலகியதும் அழுத்தம் இன்னும் ஏறியது. அதைத் தாங்காமல் மற்றவையும் தங்களைக் காத்துக்கொள்ள விலகின. எல்லாம் சில வினாடிகளில் முடிந்துவிட்டது.

அந்த நண்பகலில் ஸ்பெயினின் உற்பத்தியில் பாதிக்கும் மேல் சூரிய ஒளியிலிருந்து வந்தது உண்மை. ஆனால் அழுத்தத்தை அடக்குவதற்கென அன்று வழக்கமான மின் நிலையங்கள் போதிய எண்ணிக்கையில் இயக்கத்தில் வைக்கப்படவில்லை என்றும், இயங்கியவற்றில் சில தம் கடமையைச் சரியாகச் செய்யவில்லை என்றும் அறிக்கை கூறுகிறது. அழுத்தத்தைச் சீராக்கும் பொறுப்பை அன்றைய ஸ்பெயின் விதிகள் சூரிய மின் நிலையங்களிடம் கொடுத்திருக்கவும் இல்லை. மின்தொகுப்பை, அதாவது மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலையை, நடத்தும் நிறுவனமும் மின் உற்பத்தி நிறுவனங்களும் ஒன்றையொன்று குற்றம்சாட்டின. சூரிய ஒளியைக் குற்றவாளியாக்குவது எளிது. ஆனால் தவறு திட்டமிடலிலும் விதிகளிலும் இருந்தது என்பதே என் கருத்து.

கரண்ட் இல்லாவிட்டால் என்ன, பஸ்ஸிலோ காரிலோ போகலாமே?

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், அதனால்தான் சாலைகள் அடைத்துக்கொண்டன. மெட்ரோ நின்றதும் அதில் போகவேண்டிய கூட்டம் முழுவதும் பஸ் நிறுத்தங்களுக்கு வந்தது. சிக்னல்கள் அணைந்ததால் சந்திப்புகளில் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. சுரங்கச் சாலைகள் மூடப்பட்டன. தேவையில்லாமல் வண்டி எடுக்காதீர்கள் என்று அதிகாரிகள் கேட்டுக்கொண்டார்கள். பெட்ரோல் பங்கில் எண்ணெயை மேலே இழுப்பதும் மின்சார மோட்டார்தான் என்பது அன்று பலருக்கு உறைத்தது.

டாக்சி கிடைத்தவர்களிடமும் ரொக்கம் இல்லை. ஸ்பெயினில் ஒரு காப்பிக்குக்கூட அட்டையைத் தேய்த்துப் பழகியவர்கள் பலர். அட்டைக் கருவி வேலை செய்யவில்லை, ஏ.டி.எம். இயந்திரமும் வேலை செய்யவில்லை. சட்டைப் பையில் ஒரு இருபது யூரோ நோட்டு வைத்திருந்தவர் அன்று தண்ணீரும் ரொட்டியும் வாங்கினார்.

அப்படியானால் பெரும்பாலானவர்கள் எப்படித்தான் வீடு போய்ச் சேர்ந்தார்கள்?

நடந்து. மாட்ரிட்டின் நடுவே வடக்குத் தெற்காக ஓடும் காஸ்தெயானா சாலையில் அலுவலக உடையில் மனிதர்கள் வரிசை வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். வசந்த காலம், மழையில்லாத நாள், இரவு 9 மணி வரை வெளிச்சம். இதே சம்பவம் ஜனவரி மாத மாலை ஆறு மணிக்கு நடந்திருந்தால் இந்தப் பக்கத்தில் நான் எழுதும் பதில்களில் பாதி மாறியிருக்கும்.

நடக்கத் தொடங்கிய பிறகுதான் ஒரு விசித்திரமான சிக்கல் வெளிப்பட்டது. பல வருடங்களாக மெட்ரோவில் போய்வந்தவர்களுக்குத் தங்கள் வீட்டுக்கான வழி தெரியவில்லை. எந்த நிலையத்தில் மாற வேண்டும் என்பது தெரியும், ஆனால் தரைக்கு மேலே எந்தத் திசையில் வீடு இருக்கிறது என்பது தெரியாது. போனில் வரைபடமும் திறக்கவில்லை. இங்கே புதிதாக வரும் மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியிலிருந்து அறைக்கு ஒருமுறை நடந்து வாருங்கள். தூரம் அதிகமென்றால் பாதி தூரமாவது நடங்கள்.

ரயிலில் சிக்கியவர்கள் என்ன ஆனார்கள்?

அன்றைய நாளில் மிகவும் வாடியவர்கள் இவர்கள்தான். சுமார் 35,000 பயணிகள் நடுவழியில் நின்ற ரயில்களிலிருந்து மீட்கப்பட்டார்கள். ஸ்பெயினின் அதிவேக ரயில்கள் மேலே செல்லும் கம்பியில் வரும் 25,000 வோல்ட் மின்சாரத்தில் ஓடுபவை. அது போனதும் ரயில் வயல்வெளியிலோ, மலையடிவாரத்திலோ, சுரங்கத்துக்குள்ளோ எங்கே இருந்ததோ அங்கே நின்றது. பெட்டியில் உள்ள பேட்டரி விளக்கையும் ஒலிபெருக்கியையும் கொஞ்ச நேரம் தாங்கும், குளிர்சாதனத்தைத் தாங்காது. திறக்க முடியாத சன்னல்கள், ஏறும் வெப்பம், சிறிது நேரத்தில் பயனற்றுப்போகும் கழிவறைகள், தீர்ந்துபோகும் தண்ணீர்.

அருகில் இருந்த கிராமத்து மக்கள் தண்ணீரும் உணவும் கொண்டுவந்து பயணிகளிடம் கொடுத்தார்கள். யார் அவர்கள், யார் இவர்கள்? அந்த ரயில் தினமும் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் தங்கள் ஊரைக் கடந்து போவதைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்த ஊரின் பெயரே தெரியாதவர்கள் பயணிகள். பிறகு ராணுவத்தின் அவசரகாலப் பிரிவும், காவல்துறையும், ரயில்வே ஊழியர்களும் வந்தார்கள். சில ரயில்களை டீசல் எஞ்சின் கொண்டு இழுத்தார்கள், சிலவற்றிலிருந்து பயணிகளை இறக்கிப் பஸ்களில் அனுப்பினார்கள். நள்ளிரவு நெருங்கியபோதும் ஒருசில ரயில்களில் ஆட்கள் இருந்தார்கள்.

மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதற்குக் கதவைத் திறந்து இறங்கி நடந்துவிடலாமே?

ஊழியர் சொல்லும்வரை கூடாது. மேலே உள்ள கம்பி செத்துக் கிடக்கிறது என்று நீங்கள் நினைக்கும் நேரத்தில், எங்கோ நூறு கிலோமீட்டர் தொலைவில் ஒருவர் அந்தப் பகுதிக்கு மின்சாரத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். அடுத்த தண்டவாளத்தில் மீட்பு டீசல் எஞ்சின் வரலாம். பிளாட்பாரம் இல்லாத இடத்தில் பெட்டியிலிருந்து கீழே உள்ள உயரமும் கருங்கல் ஜல்லியும் முதியவர்களின் கணுக்காலை முறித்துவிடும். இறங்கிவிட்டாலும் அதிவேகப் பாதையின் இருபுறமும் வேலி இருக்கிறது.

மெட்ரோ சுரங்கத்துக்கும் இதே விதிதான். அங்கே அவசர விளக்கும் அடுத்த நிலையத்துக்கான நடைபாதையும் இருக்கும், ஊழியர்கள் முன்னே நடந்து அழைத்துப்போவார்கள். அன்று மாட்ரிட்டிலும் லிஸ்பனிலும் அப்படித்தான் சுரங்கங்களைக் காலி செய்தார்கள்.

போன் வேலை செய்ததா? என் பெண்ணைக் கூப்பிட்டால் எடுக்கவே இல்லை.

கோபுரங்களில் உள்ள பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அதனால் முதலில் கொஞ்சம் வேலை செய்தது, எல்லோரும் ஒரே நேரத்தில் அழைத்ததால் திணறியது, பிற்பகலில் பல இடங்களில் முற்றிலும் நின்றது. உங்கள் பெண் எடுக்காததற்கு ஆபத்து காரணமாக இருந்திருக்க வேண்டியதில்லை. நாட்டில் பாதிப் பேர் எடுக்கவில்லை.

ஊரிலிருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். திரும்பத் திரும்ப அழைக்காதீர்கள். உங்கள் ஒவ்வொரு அழைப்பும் அந்தப் போனின் சார்ஜைக் குறைக்கிறது. ஒரு குறுஞ்செய்தி போதும். வரிசை தெளிந்ததும் அது தானாகப் போய்ச் சேரும். பிள்ளைகளும் சிக்னல் கிடைத்த முதல் நிமிடத்தில் "நலம், இன்ன இடத்தில் இருக்கிறேன், இன்னாருடன் இருக்கிறேன்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டுப் போனை அணைத்துவைக்க வேண்டும். 112 என்ற அவசர எண்ணை உயிருக்கு ஆபத்து இருந்தால் மட்டுமே அழைக்கும்படி அன்று அதிகாரிகள் கேட்டுக்கொண்டார்கள்.

செய்தி எப்படித் தெரிந்தது?

ரேடியோ மூலம்தான். நிறுத்திய காரின் கதவைத் திறந்து ஒலியைக் கூட்டிவைத்தார் ஒருவர், சுற்றிலும் இருபது பேர் நின்று கேட்டார்கள். சீனர்கள் நடத்தும் சிறிய பல்பொருள் கடைகளில் டிரான்சிஸ்டர் ரேடியோ, பேட்டரி, மெழுகுவர்த்தி எல்லாம் விற்றுத் தீர்ந்தன, அதுவும் ரொக்கத்துக்கு மட்டும். ஸ்பானிய மொழி தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர் உடைந்த ஆங்கிலத்திலாவது சொன்னார்.

மொழியும் தெரியாது, ஊரும் புதிது. அந்நியரிடம் உதவி கேட்பது பாதுகாப்பா?

இந்தக் கேள்விக்கு முழுமையாக "ஆம்" என்று சொல்ல எனக்கு ஆசை. அன்று நடந்தவை அந்த ஆசைக்கு வலுச்சேர்க்கின்றன. சந்திப்புகளில் சாதாரண மக்கள் நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார்கள். ஒரே திசையில் போகிறவர்கள் ஒரு காரில் சேர்ந்து போனார்கள். தெரிந்த முகம் என்றால் கடைக்காரர்கள் நோட்டுப் புத்தகத்தில் கணக்கெழுதிப் பொருள் கொடுத்தார்கள். பெரிய அளவில் கொள்ளையோ கலவரமோ நடக்கவில்லை. காவல்துறையும் சும்மா இருக்கவில்லை, நாடு முழுவதும் 30,000 காவலர்கள் பணியில் நிறுத்தப்பட்டார்கள். மனிதர்களின் நல்ல மனதை நினைக்கும்போது இதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

நடைமுறையில் நான் சொல்வது: உதவியைத் தனி ஆளிடம் கேட்காமல் குழுவிடம் கேளுங்கள். ஒரு குடும்பம், பஸ் நிறுத்தத்தில் நிற்கும் வயதான பெண்கள், மருந்துக்கடை, தேவாலயம், விடுதி வரவேற்பறை. வீட்டு முகவரியைத் தாளில் எழுதிப் பையில் வையுங்கள். பேச்சு புரியாவிட்டாலும் முகவரியை வாசித்துக் கையால் வழிகாட்டிவிடுவார்கள். முன்பின் தெரியாதவர் காரில் ஏறுவதாக இருந்தால் தனியாக ஏறாதீர்கள்.

வீட்டுக்குக் கிளம்புவதா, இருந்த இடத்திலேயே இருப்பதா? எப்படி முடிவு செய்வது?

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் பதில் இது. வீட்டுக்குப் போயே தீர வேண்டும் என்ற தவிப்பு இயல்பானது, ஆனால் நம்மைத் தவறான முடிவுக்குத் தள்ளுவதும் அதுவே. நீங்கள் இருக்கும் அலுவலகமோ கல்லூரியோ பாதுகாப்பானது, தண்ணீரும் கழிவறையும் இருக்கிறது, தெரிந்தவர்கள் உடன் இருக்கிறார்கள் என்றால் அங்கிருந்து கிளம்பத் தக்க காரணம் வேண்டும். சிறு குழந்தையோ நோயாளியோ வீட்டில் தனியாக இருப்பது அப்படிப்பட்ட காரணம். சும்மா பதற்றமாக இருப்பது காரணமாகாது.

கிளம்புவதானால் வெளிச்சத்தில் போய்ச் சேரும் தூரமா, வழி தெரியுமா, துணை இருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். என் கணக்கில் இரண்டு மணி நேர நடைக்குள் இருந்தால் போகலாம். அதற்கு மேல் என்றால், வழியில் இருக்கும் நண்பர் வீடுதான் அன்றைக்கு உங்கள் வீடு. சில நாடுகளில் சட்டமே உங்களைத் தடுக்கக்கூடும். 2025 பிப்ரவரி 25 அன்று சிலி நாட்டின் பெரும்பகுதி இருண்டபோது, சாந்தியாகோவில் மெட்ரோ நின்று மக்கள் இதேபோல் நடந்தார்கள். அரசு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஊரடங்கு அறிவித்தது. பாதி வழியில் இருப்பவர் அப்போது என்ன செய்வார் என்று யோசியுங்கள்.

வெளியூரிலிருந்து வந்து மாட்டிக்கொண்டவர்கள் இரவு எங்கே படுத்தார்கள்?

மாட்ரிட்டின் அடோச்சா, சமார்டின், பார்சிலோனாவின் சாந்த்ஸ் போன்ற பெரிய ரயில் நிலையங்கள் இரவு முழுவதும் திறந்துவைக்கப்பட்டன. தரையிலும் பெட்டிகளின் மேலும் படுத்திருந்தவர்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தினர் போர்வை கொடுத்தார்கள். மாட்ரிட்டில் ஓர் உள்ளரங்க விளையாட்டுக் கூடமும் திறந்துவிடப்பட்டது. புதிய ஊரில் இரவு நெருங்கினால் நிலையத்தை விட்டு அலையாதீர்கள். விளக்கும் காவலர்களும் முதலில் வருவது அங்கேதான்.

மின்சாரத்தைத் திரும்பக் கொண்டுவர ஏன் அவ்வளவு நேரம்?

மின் நிலையம் தொடங்குவதற்கே மின்சாரம் வேண்டும். பம்புகள், விசிறிகள், கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. வெளியிலிருந்து எதுவும் வராதபோது தன்னால் எழுந்திருக்கக்கூடியவை நீர்மின் நிலையங்கள் போன்ற சிலவே. ஸ்பெயினுக்குப் பிரான்சிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் கம்பி வழியாக உதவி வந்தது. போர்ச்சுகல் காஸ்தெலோ தோ போத் நீர்மின் நிலையத்தையும் தபாதா தோ ஓதெய்ரு எரிவாயு நிலையத்தையும் கொண்டு தானாகவே எழுந்தது. சிறு தீவுகளாக ஒளியேற்றி, ஒன்றோடொன்று அதிர்வெண் (மின்னோட்டம் வினாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற எண்) பொருந்தும்படி இணைத்துக்கொண்டே போக வேண்டும். அவசரப்பட்டால் மறுபடியும் விழும். போர்ச்சுகலில் நள்ளிரவுக்குள் பெரும்பாலான வீடுகளுக்கும், ஸ்பெயினில் மறுநாள் காலை 7 மணிக்குள் ஏறக்குறைய முழுமையாகவும் மின்சாரம் திரும்பியது. விளக்கு எரிந்த தெருக்களில் மக்கள் பால்கனியிலிருந்து கைதட்டினார்கள்.

கரண்ட் வந்ததும் ரயில் ஓடிவிடும் என்று நினைக்க வேண்டாம். பாதையைச் சோதிக்க வேண்டும், ரயில்களும் ஓட்டுநர்களும் இருக்கவேண்டிய இடத்தில் இருக்க மாட்டார்கள். மாட்ரிட் மெட்ரோ மறுநாள் காலையில்தான் ஓடத் தொடங்கியது.

வீட்டுக்கு வந்துவிட்டோம், இனிப் பயமில்லை அல்லவா?

அன்று நேர்ந்த உயிரிழப்புகள் பெரும்பாலும் சாலையிலும் தண்டவாளத்திலும் அல்ல, வீட்டுக்குள் நேர்ந்தவை. வடமேற்கு ஸ்பெயினில், கலீசியாவின் ஓரென்சே மாகாணத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் இறந்தார்கள். ஜெனரேட்டர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடே காரணம் எனக் கருதப்பட்டது. மாட்ரிட்டில் மெழுகுவர்த்தியால் மூண்டதாகச் சொல்லப்பட்ட தீயில் ஒருவர் உயிரிழந்தார். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, மூடிய வண்டிக் கொட்டகையிலோ, பால்கனியிலோ ஓட்டாதீர்கள். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. வெளிச்சத்துக்கு டார்ச் போதும். லிஃப்டில் மாட்டியவர்களை மீட்கத் தீயணைப்பு வீரர்கள் அன்று இரவு வரை ஓடிக்கொண்டிருந்தார்கள், ஆகவே விளக்கு மினுக்கும் நேரத்தில் மாடிப்படியே நல்லது.

நம் நாட்டில் இப்படி நடக்குமா? தமிழ்நாட்டுக்கு வருமா?

இந்தியாவில் நடந்திருக்கிறது. 2012 ஜூலை 30 அன்று வடக்கு மின்தொகுப்பு விழுந்தது. மறுநாள் 31 அன்று வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்றும் விழுந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி அது. நூற்றுக்கணக்கான ரயில்கள் நின்றன, டெல்லி மெட்ரோவிலிருந்து பயணிகளை வெளியேற்றினார்கள், மேற்கு வங்கத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் லிஃப்ட் இயங்காமல் பூமிக்கடியில் காத்திருந்தார்கள். அன்று தமிழ்நாடு தப்பியது. தெற்குத் தொகுப்பு அப்போது மற்றவற்றுடன் நேர்மின் இணைப்புகளால் (இரு பக்கத்து அதிர்வெண்ணையும் ஒன்றோடொன்று பிணைக்காத இணைப்புகளால்) மட்டுமே தொடர்புகொண்டிருந்ததால் வடக்கின் வீழ்ச்சி இங்கே பரவவில்லை. 2013 டிசம்பர் இறுதியில் ராய்ச்சூர் – சோலாப்பூர் பாதை வழியாகத் தெற்கும் ஒரே தேசியத் தொகுப்பில் இணைந்தது. அதனால் பலன்கள் உண்டு, பற்றாக்குறைக் காலத்தில் வடக்கிலிருந்து மின்சாரம் கொண்டுவரலாம். ஆனால் 2012-இல் நம்மைக் காத்த அந்தப் பிரிவினை இப்போது இல்லை.

இலங்கையில் 2025 பிப்ரவரி 9 அன்று பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் தீவு முழுவதும் மின்சாரம் போனது. அங்கே ரயில்கள் டீசலில் ஓடுபவை. அதனால் ஸ்பெயினைப்போல் மின்கம்பி செத்து நடுவழியில் நிற்கும் நிலைமை இல்லை.

என் குழந்தை பள்ளியில், நான் வேறு ஊரில் வேலையில். போனும் இல்லை. அப்போது?

முன்கூட்டியே பேசிவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. குழந்தையைக் கூட்டிவர உங்களைத் தவிர நடந்தே போகும் தூரத்தில் இருக்கும் இன்னொருவரின் பெயரைப் பள்ளியில் எழுதிக்கொடுங்கள். கணவன், மனைவி இருவரில் யார் பள்ளிக்குப் போவது, யார் வீட்டில் காத்திருப்பது என்பதை இன்றே தீர்மானியுங்கள். இருவரும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்த கதைகளை அன்று நிறையக் கேட்டேன். கிளம்புவதா இருப்பதா என்ற கேள்விக்கு மேலே சொன்ன பதில் பெற்றோருக்குப் பொருந்தாது என்று சிலர் வாதிடுகிறார்கள். பொருந்தும். ஆசிரியர்களிடம் இருக்கும் குழந்தை பாதுகாப்பாகத்தான் இருக்கிறது.

டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்குமா? ஓட்டல் செலவு?

ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, பயணம் ரத்தானால் கட்டணத்தைத் திரும்பப் பெறவோ வேறு நேரத்தில் பயணம் செய்யவோ உரிமை உண்டு. ரயில், விமானம் இரண்டுக்கும் இது பொருந்தும். தாமதத்துக்கான கூடுதல் இழப்பீடு வேறு விஷயம். நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய அசாதாரணச் சூழ்நிலை என்று காட்டினால் அதைத் தரவேண்டியதில்லை. விமானப் பயணிகளுக்குக் காத்திருக்கும் நேரத்து உணவும் தேவையான இரவுத் தங்கலும் அப்போதும் அந்த நிறுவனத்தின் பொறுப்புதான். அவர்கள் ஏற்பாடு செய்யாமல் நீங்களே செலவழித்தால், நியாயமான தொகைக்கான ரசீதை வைத்துக்கொண்டு பிறகு கேட்கலாம். அட்டை வேலை செய்யாத நாளில் கையால் எழுதிய ரசீதுதான் கிடைக்கும், அதில் தேதியும் கடையின் பெயரும் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள்.